லேசாக வளைந்த பழைய பூல் கியூ, 3,500 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி, ஜூலை 4, மாலை (கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்)

ஊட்டியில் ஒரு பூல் பார்லரை மூடுகிறார்கள். மேசை, விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் விலைக்குப் போகின்றன. இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் கியூ (பந்தை அடிக்கும் குச்சி) ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. 58 அங்குலம், 19 அவுன்ஸ், டிப் (நுனியில் ஒட்டியிருக்கும் தோல்) 13 மி.மீ., பிடியில் நூல் சுற்றியிருக்கிறது. கம்பெனிப் பெயர் அழிந்துபோயிருக்கிறது. மேசையில் உருட்டிப் பார்த்தேன், நுனி குதிக்கிறது. "எல்லா ஸ்டிக்கும் இப்படித்தான் சார்" என்கிறார் விற்கிறவர். 3,500 சொல்கிறார். இதுவரை பார்லரில் கிடைத்த குச்சியில்தான் ஆடியிருக்கிறேன். வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ஜூலை 4, இரவு 9.10

விட்டுவிடுங்கள். குதிக்கிற குச்சியைக் காசு கொடுத்து வாங்குவானேன்.

ஜூலை 4, இரவு 11.45

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். இரண்டையும் மாட்டிய நிலையில் உருட்டினீர்களா, கழற்றியா? மாட்டி உருட்டியிருந்தால் இன்னும் எதுவும் தெரியாது என்று அர்த்தம். ஷாஃப்ட் (நுனிப் பக்கத்து மெல்லிய துண்டு) நேராக இருக்கும், பட் (கையில் பிடிக்கும் தடித்த துண்டு) நேராக இருக்கும், இரண்டும் சேரும் முகத்தில் ஒரு துளி அழுக்கு இருந்தால் போதும், முழுக் கியூவும் வாழைப்பழம் மாதிரித் தெரியும்.

கழற்றுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனியாக உருட்டுங்கள். உருட்டும்போது நுனியைப் பார்க்காதீர்கள். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, குச்சிக்கு அடியில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள். பூல் ஷாஃப்ட் நுனியிலிருந்து ஓரடிக்குக் கிட்டத்தட்ட ஒரே பருமனாக இருந்து, அப்புறம்தான் தடிக்கும். அதனால் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் இருந்தே தீரும், அது குற்றமில்லை. உருளும்போது அந்தக் கீற்று அப்படியே இருக்கிறதா, கண் சிமிட்டுகிற மாதிரி ஒடுங்கி விரிகிறதா? சிமிட்டினால் வளைவு.

வளைவு ஷாஃப்டில் மட்டும் இருந்தால் பேரம் பேசலாம். பின்னால் வேறு ஷாஃப்ட் போட்டுக்கொள்ளலாம், ஜாயின்ட் மரை பொருந்த வேண்டும், அவ்வளவுதான். பட்டில் இருந்தால் மட்டும் முதலில் சொன்னதே என் பதில்.

ஜூலை 6, காலை

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு என் கியூவை உருட்டிப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. நேற்று சாயங்காலம் நாங்கள் ஆடும் ரூமுக்குப் போய் உருட்டினேன். ஒன்பது வருடமாக நேர் என்று நம்பிக்கொண்டிருக்கிற என் குச்சி தவளை மாதிரி குதித்தது.

பக்கத்தில் நின்ற மார்க்கர் (மேசையைப் பார்த்துக்கொண்டு பாயின்ட் எழுதுகிறவருக்கு எங்கள் பக்கம் இன்னும் இந்தப் பெயர்தான்) சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றார். நான் பதில் பேசவில்லை. குச்சியின் மேல் சாக்கால் (டிப்பில் தேய்க்கும் சுண்ணக்கட்டி) ஒரு கோடு போட்டேன். மேசையில் அது குதித்த இடத்தில் ஒரு பொடிக் கோடு. அப்புறம் குச்சியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்து, புறப்பட்ட அதே இடத்திலிருந்து மறுபடி உருட்டினேன். மறுபடியும் அதே இடத்தில் குதித்தது. மேசையின் அந்தப் பக்கம் போய் உருட்டினால் குதிக்கவே இல்லை.

ஆக, கூடம்தான் கோணல். துணிக்கு அடியில் இருப்பது ஒரே கல் இல்லை. பெரிய பூல் மேசையில் பொதுவாக மூன்று ஸ்லேட் பலகைகள், 12 அடி ஸ்னூக்கர் மேசையில் ஐந்து. இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒன்று மயிரிழை ஏறியிருந்தாலும் உருளும் குச்சி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வருடமாக ஆள் வந்து மட்டம் பார்க்காத மேசையில், அதுவும் மூடப்போகிற பார்லரில், நீங்கள் உருட்டியது குச்சியைச் சோதித்ததா, மேசையைச் சோதித்ததா?

உருட்டிப் பார்க்க நல்ல தடித்த கண்ணாடிதான் சரி. டீப்பாய் மேல்கண்ணாடி போதும். வீட்டு மொசைக் தரையை நம்ப வேண்டாம், நான் நம்பி ஏமாந்தேன்.

ஜூலை 6, மதியம்

மார்க்கரிடம் கோட்டைக் காட்டினேன். "அது எனக்கு ஆறு மாசமாத் தெரியுமே" என்கிறார்.

ஜூலை 7

"மரம் ஏன் வளைகிறது, நல்ல மரம் என்றால் வளையாதே" என்று ஒருவர். வளையும். எவ்வளவு என்பதுதான் வித்தியாசம்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. எங்களுக்கு வெட் பல்ப், டிரை பல்ப் (காற்றின் ஈரத்தைக் காட்டும் ஜோடி வெப்பமானி) பார்ப்பது சாமி கும்பிடுகிற மாதிரி, தினமும் உண்டு. காற்றின் ஈரம் 90 சதவீதத்தில் நிலைத்து நின்றால் மரம் தன் எடையில் சுமார் 20 சதவீதம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 65-ல் 12 சதவீதம் அளவு. 40-க்கு இறங்கினால் 8-ஐ ஒட்டி. அதாவது ஆடி மாதத்து ஊட்டியில் இருக்கிற மேப்பிளும் (பூல் கியூ செய்யும் மரம்), ஏ.சி. ரூமில் இருக்கிற மேப்பிளும் பெயரளவில்தான் ஒரே மரம்.

தண்ணீர் ஏறினால் மரம் ரேகைக்குக் குறுக்கே உப்பும், ரேகையோடு நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ஷாஃப்டின் இந்த நுனி முதல் அந்த நுனிவரை ரேகை நேராக ஓடினால் சுற்றிலும் சமமாக உப்பி, சமமாக வற்றும். குச்சி நேராகவே இருக்கும். ரேகை பாதியில் பக்கவாட்டில் ஓடி வெளியேறுகிறது என்றால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. குச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆசாரிகள் கட்டையைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, கோணலோடு சேர்த்து ரேகை எங்கே ஓடுகிறது என்பதையும்தான் பார்க்கிறார்கள்.

மலைக்கு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை பிழியும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. தம்பி வாங்கப்போகிற குச்சி ஒரு மழையில் ஊறி முடித்து, கோத்தகிரிக்கு வந்து இன்னொரு மழையைப் பார்க்கும்.

ஜூலை 9

"நிமிர்த்த முடியுமா?" இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நாய் வால் பழமொழியை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே நினைத்திருப்பீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். இப்போதைய கியூவுக்கு முன்னால் ஒன்று வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் பழசாக வாங்கியது, ஷாஃப்டில் நல்ல வளைவு. ஃபேக்டரியில் டிரையர் ரூம் இருக்கிறதே, எதற்குக் கவலை என்று நினைத்தேன். ஷாஃப்டை நுனி கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு, அடியில் ஒரு படிக்கல்லைக் கட்டி, டிரையருக்குப் பக்கத்துத் தூணில் இரண்டு நாள் விட்டேன். டீமேக்கர் வந்து பார்த்து, "இது என்ன, கருவாடா?" என்றார்.

இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் அம்பு மாதிரி நேர்! ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினேன். தீபாவளி மழை வந்தது. குச்சி பழைய பக்கம் வளையாமல் வேறொரு பக்கம் வளைந்தது. கூடவே நுனியில் இருக்கும் வெள்ளை வளையம், ஃபெரூல், பசை விட்டு ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். கடைசியில் அது எங்கள் வீட்டு ஜன்னல் திரைக்குக் கம்பாகப் போனது. அங்கே எந்தப் பக்கம் வளைந்திருந்தாலும் கேட்பாரில்லை.

சூடு காட்டினால் வளைவு போகாது, தற்காலிகமாகத் தண்ணீர்தான் போகிறது. காற்றில் ஈரம் திரும்பியதும் அதுவும் திரும்பும்.

ஜூலை 10

ஒரு பின்குறிப்பு. ஷாஃப்டில் ஏறிய நீலச் சாக்கைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாள் போடாதீர்கள். மேலே இருக்கும் மெழுகும் வார்னிஷும் போய்விட்டால் ஈரத்துக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி. ஈரத்துணியும் வேண்டாம், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும்.

ஜூலை 13

மழையில் கரண்ட் இல்லை, ஃபேக்டரி ஜெனரேட்டரில் ஓடுகிறது. போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன். கொஞ்சம் தடம் மாறும்.

பூல் பற்றிப் பேசுகிறோம், ஆனால் நாம் உட்கார்ந்திருப்பது ஸ்னூக்கரின் தொட்டிலில். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் அதை ஆட ஆரம்பித்தார். விதிகளை எழுதி மாட்டியது 1882-ல், ஊட்டி கிளப்பில். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் யாராவது குழப்பிக்கொள்கிறார்கள். என் தாத்தா காலத்தில் அந்தக் கிளப்பின் வாசலுக்கு அப்பால் எட்டிப் பார்க்க முடியாது. இப்போதும் மெம்பர் இல்லாமல் முடியாது, அது வேறு விஷயம்.

நான் யோசிப்பதெல்லாம் அந்த ஆடி மழையில் அவர்கள் குச்சிகள் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். அன்றைக்கு எந்த ஏ.சி.? ஒரு பக்கம் கணப்படுப்பு எரியும், மறு பக்கம் ஜன்னலில் மஞ்சு. வளையாமல் இருந்திருக்க வழியே இல்லை.

இங்கேதான் ஒன்று தோன்றியது. ஸ்னூக்கர் கியூவின் அடிப்புறத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் சீவி விட்டிருப்பார்கள், பெரும்பாலும் கம்பெனித் தகடு பதிப்பது அங்கேதான். கை அந்தத் தட்டையைத் தடவியே குச்சி எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொள்ளும். நுனியில் ஆஷ் மரத்தின் ரேகை அம்புக்குறி அம்புக்குறியாகத் தெரியும், அதையும் மேல்பக்கமாக வைத்து ஆடுகிறவர்கள் நிறையப் பேர். பூல் கியூ முழுக்க உருண்டை. ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. வளைந்த குச்சியின் உண்மையான தொல்லை இதுதான். வளைவு இன்றைக்கு இடது, அடுத்த அடிக்கு வலது என்றால் எந்தக் கையும் பழகாது. ஒரே பக்கம் வளைந்திருந்தால் பழகிவிடும். மாட்டுவண்டியில் ஒரு மாடு கொஞ்சம் இழுக்கும் என்று தெரிந்தவன் ஓட்டுவதில்லையா.

ஸ்னூக்கர் ஆட்டக்காரர் ஸ்டீஃபன் ஹெண்ட்ரி தன் ஏழு உலகப் பட்டங்களையும் சின்ன வயதில் வாங்கிய ஒரே மலிவுக் கியூவால்தான் ஜெயித்தார். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அவர் குச்சி வளைந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. விலையைப் பார்த்துக் குச்சியை எடைபோடாதீர்கள் என்பதற்குச் சொன்னேன். சார்ஜ் 4 சத

ஜூலை 14

"வீதம்." கரண்ட் வந்துவிட்டது.

ஒரு நெயில் பாலிஷ் புள்ளி. அதுதான் நேற்று முடிக்காமல் விட்டது. வளைவு மேல்-கீழாக இருக்கும்படி குச்சியைப் பிடித்துப் பார்த்து, மேலே வரும் பக்கத்தில், ஜாயின்டுக்கு அருகில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குனியும்போது புள்ளி கூரையைப் பார்க்க வேண்டும். அப்போது வளைவு இடம்-வலமாகத் தொந்தரவு செய்யாது.

ஜூலை 14, இரவு

கோத்தகிரித் தம்பி கேட்கிறார்: "மேல்-கீழாக வளைந்தால் மட்டும் தொந்தரவு இல்லையா அண்ணா? நுனி தாழ்ந்து பந்தின் அடியில் போய் இடிக்குமே." சரியான கேள்வி. நான் மழுப்பினேன்.

இடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பூல் பந்து 57 மி.மீ. மையத்திலிருந்து சுமார் 14 மி.மீ. வரை தள்ளி அடிக்கலாம், அதற்கு மேல் போனால் டிப் வழுக்கிவிடும். நாம் பேசும் வளைவில் நுனி ஒரு மி.மீ. இறங்கினால் பந்து கொஞ்சம் முந்தி நிற்கும், அல்லது கொஞ்சம் பின்வாங்கும். அதே ஒரு மி.மீ. பக்கவாட்டில் போனால் நீங்கள் கேட்காத சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) விழும். பந்து குறி தவறும், பைக்குப் பதில் உதட்டில் இடிக்கும். இரண்டும் தப்புதான், முதலாவது மன்னிக்கக்கூடிய தப்பு.

ஜூலை 20

போய்ப் பார்த்துவிட்டோம். இனி கதை வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பி கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தார், தொட்டபெட்டா தாண்டும்போதே பாதி நனைந்துவிட்டார், ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லையாம். நான் குன்னூரிலிருந்து. சேரிங் கிராஸில் டீ குடித்துவிட்டு நடந்தோம். பார்லரில் பாதி விளக்குகள் கழற்றியாகிவிட்டன. என் பையில் ஒரு கண்ணாடித் துண்டு (பழைய ஷோகேஸ் ஷெல்ஃப், ஓரம் தேய்த்தது), டார்ச், எங்கள் மெக்கானிக்கிடம் கடன் வாங்கிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதலில் மாட்டி உருட்டினோம். குதித்தது. கழற்றினோம். ஜாயின்ட் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் பட் பக்கத்துப் பித்தளை வளையத்தின் மேல் கறுப்பாக ஒரு மேடு. சாக்கும் எண்ணெயும் கை வியர்வையும் சேர்ந்து காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்தது. கத்தி வைத்தால் முகம் போய்விடும். நகத்தால்தான் சுரண்டினேன், பொடிப் பொடியாக வந்தது. துணியால் துடைத்து மாட்டி உருட்டினோம். குதிப்பு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. விற்கிறவர் உடனே, "நான் சொன்னேனே, நல்ல ஸ்டிக்" என்றார். விலை ஏறப்போகிறதோ என்று தம்பி முகம் வாடியது.

பட் தனியாக: கீற்று அசையவில்லை. நல்லது. ஷாஃப்ட் தனியாக: சிமிட்டியது. என் கண்ணுக்கு அரை நூல் வளைவு என்று பட்டது. ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி அடியில் நுழைத்துப் பார்த்தோம், இடைவெளி குறைந்தபட்சம் 1.6 மி.மீ., அதிகபட்சம் 2.3. வித்தியாசம் 0.7. அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீ. இருக்க வேண்டும். கண் பெரிதாகக் காட்டியிருக்கிறது.

ரேகையும் பார்த்தோம். ஜாயின்டிலிருந்து முக்கால்வாசி தூரம் நேராக ஓடி, கடைசியில் லேசாகச் சாய்ந்து வெளியேறுகிறது. வளைவும் அங்கேதான்.

பேரம் என் வேலை. "ஷாஃப்ட் கோணல், பின்னால் புது ஷாஃப்ட் போட வேண்டிவரும், டிப்பும் தேய்ந்துவிட்டது" என்றேன். 2,000-க்கு முடிந்தது. கூடவே ஒரு கிழிந்த உறை. தம்பி பணத்தைக் கொடுக்கும்போது கை நடுங்கியது, குளிர் என்றார்.

முதல் பதிவில் விட்டுவிடுங்கள் என்று எழுதியவன் நான்தான். யாரும் நினைவூட்ட வேண்டாம்.

ஜூலை 21

திருத்தம். 0.7 மி.மீ. வளைவு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், நான் எழுதிய விதம் அப்படி. வளைவு மேலே பார்க்கும்போது இடைவெளி கூடும், கீழே பார்க்கும்போது அதே அளவு குறையும். ஆக வித்தியாசத்தில் பாதிதான் வளைவு: 0.35. கணக்கு வாத்தியார் ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகினார், நன்றி.

ஆகஸ்ட் 3

எப்படி வைப்பது என்று தம்பி கேட்டார். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், அவ்வளவுதான். படுக்கவைத்தால் தரை சமமாக இருக்கட்டும், இல்லையென்றால் நேராகத் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கி, கணப்படுப்புப் பக்கம், சமையலறைப் பரண் மூன்றும் ஆகாது. உறைக்குள் ஈரத்தோடு போடவே போடாதீர்கள். காய்ந்த துணியால் துடைத்துப் பத்து நிமிடம் வெளியே விட்டுப் போடுங்கள்.

கார்பன் ஷாஃப்ட் வாங்கினால் இந்த வம்பே இல்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை, அது ஈரத்துக்கு வளையாது. அதன் விலைக்கு இந்த மாதிரிக் கியூ ஏழெட்டு வாங்கலாம், அதுவும் உண்மை.

நவம்பர் 18

கோத்தகிரியில் பத்து நாளாக விடாத மழை. தம்பி உறையைத் திறக்கப் பயந்துகொண்டிருக்கிறாராம்.

ஜனவரி 12

தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி, காலையில் பைக் சீட்டைச் சுரண்டித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பகலில் வெயில், காற்றில் ஈரமே இல்லை. இந்தக் குச்சியை மறுபடி அளக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தம்பியை வரச் சொன்னேன். அதே கண்ணாடி, அதே ஃபீலர் கேஜ் (மெக்கானிக் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை).

1.75, 2.2. பாதியாக்கினால் வளைவு 0.22 அளவு. ஜூலையில் 0.35. பக்கம் மாறவில்லை, புள்ளிக்கு நேரேதான் இருக்கிறது. நான் பயந்தது அதற்குத்தான், என் ஜன்னல் கம்பு பக்கம் மாறியது இன்னும் உறுத்துகிறது. இரண்டு அளவை வைத்து எல்லா மரத்துக்கும் சட்டம் போட மாட்டேன். இந்தக் குச்சி எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்துவிட்ட குச்சி, அவ்வளவுதான் சொல்வேன். கடையில் நேராக நிற்கும் புதுக் குச்சி இன்னும் ஒரு மழையையும் பார்த்திருக்காது.

அளந்து முடித்து ஆடினோம். தம்பி என்னை நான்குக்கு ஒன்று என்று அடித்தார். ஒவ்வொரு முறை குனியும்போதும் கட்டைவிரல் தானாக ஜாயின்டைத் தடவிப் புள்ளியைத் தேடுகிறது, அவருக்கே தெரியவில்லை. கடைசி ஆட்டத்தில் தன் கியூவை என்னிடம் கொடுத்து, "அண்ணா, நீங்கள் அடித்துப் பாருங்கள்" என்றார். புள்ளியைப் பார்க்கவே இல்லை, கடைசியில் போட வேண்டிய எட்டாம் நம்பர் பந்தை மூலைப் பையில் சுத்தமாகப் போட்டேன். பெருமையாகத் திரும்பினேன்.

"அண்ணா, நம்முடையது இன்னும் மூன்று பந்து மேசையில் இருக்கிறதே" என்றார்.